பகலை அளக்கும் கொடி

ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், வில்லமெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குளிர் இன்னும் முழுசாக விட்டபாடில்லை. ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் ஏணி சாத்தியிருக்கிறது. அப்பா மேலே நின்று கூரை விளிம்புக் கொக்கியில் கயிற்றை மாட்டுகிறார். பிள்ளைகள் கீழ்முனையை இழுத்துத் தரையில் அடித்த ஆப்பில் கட்டுகிறார்கள். நான்கைந்து கயிறுகள், ஒவ்வொன்றும் ஐந்து மீட்டருக்குக் குறையாது. இத்தனை ஏற்பாடும் எதற்கு என்று தேடினால், கயிற்றின் அடியில் இருக்கும் மண்மேட்டில் விரல் நீளத்துக்குக் கருஞ்சிவப்பாய்ச் சில துளிர்கள் தெரியும். ஜூலைக்குள் அவை கூரையைத் தொட்டுவிடும்.

அந்தக் கயிறு நமக்குத் தெரிந்ததுதான். தென்னை நார்க் கயிறு. இந்த வட்டாரத்துப் பெரிய ஹாப்ஸ் தோட்டங்களுக்கு இலங்கையிலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. நைலான் வழுக்கும். கொடி பிடித்து ஏறச் சொரசொரப்பு வேண்டும், அறுவடை முடிந்ததும் கொடியோடு சேர்ந்து குப்பைக்குழியில் மட்கவும் வேண்டும். இரண்டுக்கும் தேங்காய் நாரே தோது. தென்னை வளராத ஊரில் தேங்காய் நாரைப் பிடித்துக்கொண்டு, தென்னை வளரும் ஊர்களில் நன்றாக விளையாத ஒரு கொடி ஏறுகிறது.

ஹாப்ஸ் என்றால் பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூ என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். பூ என்பதைவிடப் பூங்கூம்பு என்பது சரி. சீத்தாப்பழத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, செதில் செதிலாகப் பச்சைக் காகிதத்தில் செய்தது போல இருக்கும். தாவரவியல் பெயர் ஹியூமுலஸ் லூப்புலஸ். கஞ்சாச் செடிக்கு நெருங்கிய சொந்தம், ஒரே குடும்பம். ஆனால் கஞ்சாவின் போதைப் பொருள் இதில் இல்லை. பீர் குடிப்பதும் குடிக்காததும் அவரவர் பாடு. எனக்கு ஆர்வமெல்லாம் இந்தக் கொடி காலத்தைக் கணக்கிடும் விதத்தில்தான்.

இதன் முதல் கடிகாரத்தைப் பொறுமையாக அளந்தவர் ஒரு நோயாளி. 1860களின் தொடக்கத்தில் சார்லஸ் டார்வின், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் தன் வீட்டில் உடம்புக்கு முடியாமல் இரவும் பகலும் ஒரே அறையில் அடைந்து கிடந்தார். கென்ட் ஹாப்ஸுக்குப் பேர்போன சீமை. தொட்டியில் வைத்த ஹாப்ஸ் கொடி ஒன்று அவர் அறையில் இருந்தது. படுத்திருப்பவருக்கு வேறு வேலை ஏது? கொடியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். நுனி சும்மா இருக்கவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, மெல்ல எல்லாத் திசைக்கும் திரும்பி, கடிகார முள் போல வட்டம் போட்டது. வெப்பமான நாட்களில், பகல் நேரத்தில், ஒரு சுற்றுக்குச் சராசரியாக 2 மணி 8 நிமிடம் என்று குறித்துவைத்தார். 1865இல் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளிவந்த, ஏறுகொடிகளைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை இந்த ஹாப்ஸ் கொடியில்தான் தொடங்குகிறது.

செடிக்குத் தசை கிடையாது. பிறகு எப்படிச் சுழல்கிறது? நுனிக்குச் சற்றுக் கீழே தண்டின் ஒரு பக்கத்துச் செல்கள் மற்ற பக்கத்தைவிட வேகமாக நீள்கின்றன. அதனால் நுனி எதிர்ப்பக்கம் சாய்கிறது. அந்த வேகம் தண்டைச் சுற்றி ஒவ்வொரு பக்கமாக நகர்ந்துகொண்டே போவதால் சாய்வும் சேர்ந்து சுற்றுகிறது. வெட்டவெளியில் எதையாவது துழாவிக்கொண்டிருக்கும் நுனி, வழியில் ஒரு கயிற்றில் முட்டினால், முட்டிய இடம் நின்றுவிடும். அதற்கு மேலே இருக்கும் பகுதி மட்டும் தொடர்ந்து சுற்றும். சாட்டையை வீசினால் கம்பத்தில் சுற்றிக்கொள்ளுமே, அதை இரண்டு மணி நேரத்துக்கு இழுத்துப் பார்த்தது மாதிரி.

இதில் ஒரு பிடிவாதம் உண்டு. பீன்ஸ் கொடி உள்பட உலகத்தின் சுற்றுக்கொடிகளில் பெரும்பாலானவை, மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி ஏறும். ஹாப்ஸ் சிறுபான்மைக் கட்சி. முள் போகும் திசையிலேயே போகும். மே மாதத்தில் வீட்டுக்காரர்கள் துளிர்களைக் கையால் கயிற்றில் சுற்றிவிடும்போது புதிதாக வந்தவர் திசை மாற்றிச் சுற்றிவிட்டால், கொடி ஒன்றிரண்டு நாளில் தன்னைப் பிரித்துக்கொண்டு காற்றில் தொங்கும்.

சுற்றினால் மட்டும் போதாது, வழுக்காமல் இருக்கவும் வேண்டும். ஹாப்ஸுக்குத் திராட்சையைப் போலப் பற்றுச்சுருள் இல்லை. அதன் தண்டு ஆறு பட்டை கொண்டது. பட்டைகளின் மேல், இரண்டு பக்கமும் கூர்மையான சுத்தியல் வடிவத்தில் நுண்ணிய முட்கள், மணலில் இருக்கும் சிலிக்காவால் கெட்டிப்பட்டவை. முழங்கை உரசினால் பூனை பிறாண்டியது போலச் சிவப்புக் கோடு விழும். நாரில் மாட்டிக்கொண்டு கொடி ஏறுவது இந்த முட்களின் தயவால்தான். மரம் தன்னைத் தூக்கி நிறுத்தக் கட்டைக்குச் செலவழிப்பதை இந்தக் கொடி செலவழிப்பதில்லை. மிச்சம் பிடித்த அத்தனையையும் நீளத்தில் போடுகிறது. ஜூன் மாத வெயிலில் ஒரே நாளில் ஒரு சாண் வளர்ந்துவிடும் நாட்களும் உண்டு. காலையில் பிள்ளைகள் கயிற்றில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனால், திரும்பி வரும்போது நுனி கோட்டைத் தாண்டியிருக்கும்.

திடீரென்று ஏற்றம் ஓய்கிறது. நுனி நீள்வதை விட்டுவிட்டுப் பக்கக் கிளைகள் விரிகின்றன. கிளைகளில் மயிர்க்கற்றை போலப் பூ மொட்டுகள். தண்ணீர் குறையவில்லை, உரம் குறையவில்லை. குறைந்தது பகல். ஜூன் 21ஐத் தாண்டியதும் பகல் நாளுக்கு நாள் சுருங்குவதைக் கொடி கவனித்துவிட்டது. இது இரண்டாவது கடிகாரம்.

உண்மையில் செடி அளப்பது பகலை என்பதைவிட இரவை என்று சொல்லவேண்டும். இலைகளில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவம் எடுக்கும், இருட்டில் மெல்ல மெல்ல மறு வடிவத்துக்குத் திரும்பும். இருட்டு எவ்வளவு நேரம் நீடித்தது என்று செடி கணக்கிட அது உதவுகிறது. இரவு போதிய அளவு நீண்டால் பூக்கலாம் என்று உத்தரவு. ஆனால் இன்னொரு நிபந்தனையும் உண்டு. கொடி குறிப்பிட்ட எண்ணிக்கையில் கணுக்களைப் போட்டு, பூக்கும் வயதுக்கு வந்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு நிபந்தனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஹாப்ஸ் ஏன் பெரும்பாலும் 35 முதல் 55 பாகை வரையிலான அட்சரேகைகளில் பயிராகிறது என்பது விளங்கும். கென்டில் கோடையின் நீண்ட பகல் பதினாறரை மணி நேரம். வில்லமெட் பள்ளத்தாக்கில் பதினைந்தரை. பகல் நீளும் மாதங்களில் ‘இன்னும் பூக்காதே, ஏறு’ என்று வானம் கொடியைத் தடுத்து வைக்கிறது. பகல் சுருங்கத் தொடங்கும்போது கொடி ஐந்தாறு மீட்டர் உயரத்தில், நூற்றுக்கணக்கான கிளைகளோடு தயாராக நிற்கிறது. சென்னையில் வருடத்தின் மிக நீண்ட பகலே பதின்மூன்று மணி நேரத்தை எட்டாது. இங்கே நட்டால் தடுத்து வைக்க ஆளில்லை. கணுக்கள் சேர்ந்ததுமே, இடுப்பு உயரத்திலேயே, அவசர அவசரமாக நாலு பூ பூத்து ஓய்ந்துவிடும். வெயில் தாங்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். வெயிலைவிடப் பெரிய தடை இந்தப் பகல் கணக்குதான்.

தடை என்று தெரிந்துவிட்டால் மனிதன் விடுவானா? தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் நகர வட்டாரத்தில் தோட்டங்களுக்கு விளக்குப் போட்டுப் பகலை நீட்டினார்கள். பிறகு, குறைந்த பகலுக்கே ஒத்துவரும் சொந்த ரகங்களை உருவாக்கிக்கொண்டார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எல்இடி விளக்குகளை வைத்து வருடத்துக்கு இரண்டு அறுவடை எடுத்துக் காட்டினார்கள். குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் ஹாப்ஸ் பூக்கும் என்று புத்தகங்களில் வெகுகாலமாக எழுதியிருந்தது. 2019இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு, ஒளியைச் சரியாகக் கொடுத்தால் குளிரே படாத கொடியும் பூக்கும் என்று காட்டி அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் பயிரானது. அங்கே பட்டாணியும் உருளைக்கிழங்கும் கூடுதலாகக் காசு கொடுத்ததால் பலர் அவற்றுக்கு மாறிவிட்டார்கள்.

லாஹுலைவிட அதிகமாக இந்தியாவில் ஹாப்ஸைப் பிரபலப்படுத்தியது ஒரு வதந்தி. 2021இல் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும்: பீகார் மாநிலத்தில் ஒரு விவசாயி ‘ஹாப் ஷூட்ஸ்’ என்ற காய்கறி பயிரிடுகிறார், கிலோ ஒரு லட்சம் ரூபாய். படத்தோடு வந்த செய்தியைப் பெரிய பதவியில் இருப்பவர்களே பகிர்ந்தார்கள். நிருபர்கள் ஊருக்குப் போய்ப் பார்த்தபோது அப்படி ஒரு பயிரே அங்கே இல்லை. ஆனால் ஹாப்ஸ் துளிர் சாப்பிடக் கூடியது என்பது பொய்யில்லை. ஒவ்வொரு மண்மேட்டிலிருந்தும் வசந்தத்தில் நாற்பது ஐம்பது துளிர்கள் கிளம்பும். கயிற்றுக்கு இரண்டு மூன்றை விட்டுவிட்டு மீதியைக் கிள்ளி எறியத்தான் வேண்டும். பெல்ஜியத்தின் போப்பெரிங்கே வட்டாரத்தில் அதை எறியாமல் சமைத்தார்கள், விருந்துப் பண்டம் ஆக்கினார்கள். விலை ஏறக் காரணம் சத்தோ மருத்துவ குணமோ இல்லை, கூலிதான். குளிரில் குனிந்து, மண்ணைக் கிளறி, பென்சில் அளவுகூட இல்லாத துளிரை ஒவ்வொன்றாகப் பறிப்பதற்கான கூலி. ஆரிகன் வீட்டில் அதே துளிர்கள் வெண்ணெய் போட்ட வாணலியில் இரண்டு நிமிடம் வதங்கி, முட்டைக்குத் தொட்டுக்கொள்ள இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆகஸ்ட் கடைசியில் கூம்புகள் முற்றும். ஒன்றைப் பறித்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். செதில்களின் அடியில் மஞ்சள் பொடி கொட்டிக்கிடக்கும், கையில் தேய்த்தால் பசையாக ஒட்டும். அதற்குப் பெயர் லூப்புலின். இத்தனை ஏற்றமும் இத்தனை கயிறும் இந்தப் பொடிக்காகத்தான். இதை நிறையத் தருபவை பெண் கொடிகள் மட்டுமே. ஹாப்ஸில் ஆண் வேறு, பெண் வேறு. ஆணின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால் பெண் கூம்புகளில் விதை பிடிக்கும். விதையுள்ள ஹாப்ஸை பீர் ஆலைகள் விரும்புவதில்லை. ஜெர்மனியின் ஹாப்ஸ் வட்டாரங்களில் காட்டில் தானாக முளைத்த ஆண் கொடியைக்கூடத் தேடிப் பிடுங்குகிறார்கள். வீட்டுத் தோட்டத்திலும் பெண்கள் மட்டும்தான், கல்யாணமாகாமல்.

பொடியில் இரண்டு சங்கதிகள். ஒன்று மண எண்ணெய்கள். மாங்காய் வாசத்தில் இருக்கும் மிர்சீன், தனியா வாசத்தைத் தரும் லினலூல் இரண்டும் இதிலும் உண்டு. கூம்பைக் கசக்கி முகர்ந்தால் ஒரு கணம் நம் ஊர்க் காய்கறிச் சந்தை வந்து போகும். இன்னொன்று ஆல்ஃபா அமிலங்கள் என்ற பிசின். அப்படியே நாக்கில் வைத்தால் கசப்பு ஒட்டிக்கொண்டு போகாது, ஆனால் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் மூலக்கூறு தன் உருவை மாற்றிக்கொண்டு கரைகிறது. பீரின் கசப்பு அதுதான். அவ்வளவு நேரம் கொதித்தால் மணம் ஆவியாகிவிடும். எனவே கசப்புக்கு முதலிலும் மணத்துக்குக் கடைசியிலும் என்று இரண்டு தவணையாகப் போடுகிறார்கள். ரசத்தில் கொத்தமல்லித் தழையை எப்போது போடுவது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விதையும் பூவும் பூச்சியிடமும் நுண்ணுயிரிடமும் சிக்காமல் இருக்கவே செடி இந்தப் பிசினைச் செய்கிறது என்பது தாவரவியலாளர்கள் தரும் விளக்கம். பீரைப் புளிக்கவைத்துக் கெடுக்கும் லாக்டோபாசிலஸ் போன்ற பாக்டீரியாக்கள் உயிர்வாழ, தங்கள் சவ்வுக்கு வெளியே அமிலத்தன்மையைக் கூட்டியும் உள்ளே குறைத்தும் வைத்திருக்கவேண்டும். அந்த ஏற்றத்தாழ்வுதான் சத்தை உள்ளே இழுக்கும் விசை. ஹாப்ஸ் அமிலம் சவ்வுக்குள் புகுந்து புரோட்டான்களை உள்ளே கடத்திவிடுகிறது. ஏற்றத்தாழ்வு சமமாகிறது. சுற்றிலும் உணவு இருந்தும் பாக்டீரியா பட்டினி கிடந்து ஓய்கிறது. ஈஸ்ட்டுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. இந்த வேதியியல் எதுவும் தெரியாமலே 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட், ஹாப்ஸின் கசப்பு பானங்களைக் கெடாமல் வைத்திருக்கும் என்று எழுதிவைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் மாதக்கணக்கில் கப்பலில் வரும் பீருக்கு ஹாப்ஸைக் கூடுதலாகப் போட்டு அனுப்பியதும் இதனால்தான்.

வீட்டுத் தோட்டக்காரர்கள் கவனிக்கவேண்டிய ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாய்களுக்கு ஹாப்ஸ் விஷம். காய்ச்சி வடித்துக் கொட்டிய சக்கையைத் தின்றாலும் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிர் போகலாம். கிரேஹவுண்ட் இனத்தில் இது அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. நாய் வளர்க்கும் வீட்டில் சக்கையைத் திறந்த குப்பைக்குழியில் போடக்கூடாது.

மனிதரைத் தவிர இந்தக் கொடிக்கு வேறு வாடிக்கையாளர்களும் உண்டு. ஹாப்ஸ் அசுவினி குளிர்காலத்தைப் பிளம் வகை மரங்களில் கழித்து, கோடையில் ஹாப்ஸுக்குக் குடிபெயரும். கென்ட் விவசாயிகள் காற்றைத் தடுக்கத் தோட்டத்தைச் சுற்றி வேலியாக நட்டது என்ன மரம் தெரியுமா? டாம்சன், ஒருவகைப் பிளம்! அமெரிக்காவில் ஹாப்ஸ் இலையில் வளரும் ஒரு பட்டாம்பூச்சிக்கு ‘ஹாப்ஸ் வியாபாரி’ என்றே பெயர். அதன் கூட்டுப்புழுவின் முதுகில் உலோகம் போல் மின்னும் புள்ளிகள் இருக்கும். அவை பொன்னிறமாக இருந்தால் அந்த வருடம் விலை ஏறும், வெள்ளியாக இருந்தால் இறங்கும் என்று விவசாயிகள் சொல்லிவந்தார்கள். பூச்சிக்கே விலை தெரிந்த காலம்.

அறுவடை நாளில் குடும்பம் முழுவதும் வேண்டும். கயிற்றை மேலே அறுத்தால் கொடி பச்சைத் திரை போல மொத்தமாகச் சரியும். அதைப் புல்தரையில் விரித்துச் சுற்றி உட்கார்ந்து கூம்புகளை உருவுகிறார்கள், கல்யாண வீட்டில் பூத்தொடுக்க உட்காருவது போல. ஒரு காலத்தில் கென்டில் இது ஒரு பெரும் இடப்பெயர்ச்சியாகவே நடந்தது. செப்டம்பர் வந்தால் லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைக் குடும்பங்கள் பாட்டி, கைக்குழந்தை, சட்டி பானை சகிதம் ரயிலேறி ஹாப்ஸ் பறிக்க வந்துவிடும். அவர்களுக்குத் தெரிந்த ஒரே விடுமுறை அதுதான். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1931இல் அவர்களோடு சேர்ந்து பறித்தார். பிசின் ஒட்டிக் கறுத்த விரல்களால் தொட்ட ரொட்டியும் கசக்கும்.

பறித்த கூம்பில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அன்றே உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கென்டில் இதற்கென்றே கூம்புக் கூரை வைத்த உலர்வீடுகள் கட்டினார்கள். ஆரிகன் வீட்டில் ஜன்னல் கொசுவலைச் சட்டங்களைக் கழற்றி அடுக்கி, கூம்புகளைப் பரப்பி, கீழே மின்விசிறியை ஓடவிடுகிறார்கள். கூம்பின் நடுத்தண்டை மடித்தால் வளையாமல் பட்டென்று ஒடிந்தால் பதம். ஈரம் மிச்சமிருக்கும்போது மூட்டை கட்டினால் உள்ளே சூடு ஏறும். பெரிய கிடங்குகளில் ஹாப்ஸ் பொதிகள் தாமாகவே தீப்பற்றியது உண்டு. நன்கு வளர்ந்த ஒரு கொடி அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை உலர்ந்த ஹாப்ஸ் தரும். வீட்டில் இருபது லிட்டர் பீர் காய்ச்சுபவருக்கு ஒரு தடவைக்குச் சில கைப்பிடிகளே போதும். ஆகவே அக்கம்பக்கத்துக்கும் பங்கு உண்டு. வீட்டில் பீர் காய்ச்சுவதை அமெரிக்க மத்திய சட்டம் அனுமதித்தது 1978இல்தான். அப்போதைய அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்துக்குப் பிறகே இத்தனை கொல்லைப்புறங்களில் இத்தனை கயிறுகள் ஏறின.

இதெல்லாம் முதல் வருடத்தில் நடக்காது. மஞ்சளுக்கு விதைமஞ்சள் போல, விரல் நீள வேர்த்தண்டுத் துண்டை மார்ச்சில் மண்ணுக்குள் படுக்கவைக்கிறார்கள். முதல் வருடம் கொடியின் உழைப்பெல்லாம் நிலத்துக்கு அடியில் போகும். மேலே கிடைப்பது கைப்பிடிக் கூம்பு. மூன்றாம் வருடம்தான் முழு விளைச்சல். நட்டபோது பாலர் பள்ளியில் இருந்த பிள்ளை, வாசிக்கக் கற்றுக்கொண்ட பிறகு முதல் பெரிய அறுவடையைப் பார்க்கும். அதன் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் அதே மேட்டிலிருந்து வரும்.

அறுவடைக்குப் பிறகு அடிப்பகுதியில் ஒரு மீட்டர் தண்டைப் பச்சையாகவே விட்டுவைக்கிறார்கள், உறைபனி விழும்வரை அது வேருக்குச் சத்து இறக்கட்டும் என்று. பிறகு அதையும் தரையோடு வெட்டிவிட்டால் அங்கே கொடி இருந்ததற்கு அடையாளமே இருக்காது. ஆனால் மார்ச்சில், நட்ட இடத்தைவிட்டு ஒரு மீட்டர் தள்ளி, கீரைப்பாத்தியின் நடுவே கருஞ்சிவப்புத் துளிர் எட்டிப்பார்க்கும். வேர்த்தண்டு குளிருக்கு முன்பே நிலத்தடியில் நடந்து போயிருக்கிறது. அம்மா மண்வெட்டியால் அந்தத் துண்டைப் பெயர்த்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, வேலிக்கு அந்தப் பக்கம் நீட்டுகிறார். கைமாறுவது காஸ்கேட் ரகம். இதே ஆரிகனில் 1956இல் விதையாகக் கிடைத்து, 1972இல் விவசாயிகளுக்கு வெளியிடப்பட்டது. அதற்குப் பிறகு அது விதையிலிருந்து முளைத்ததே இல்லை. வெட்டி வெட்டி நட்டதுதான். பக்கத்து வீட்டுக்காரர் கையில் வாங்கும் அந்தத் துண்டும், உலகத்தில் இன்று காஸ்கேட் ஏறும் ஒவ்வொரு கயிறும், அந்த ஒரே பெண் செடிதான்.